‘ஆள் போட்டாச்சு’, அப்புறம்?

ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் இப்போது ஒரு வாக்கியம் தாரக மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. "ஆள் போட்டாச்சு." அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டால் "ஆள் போட்டாச்சு" என்று பதில் வரும். அப்பாவுக்கு ஆபரேஷன் ஆச்சே, இப்ப எப்படி? "ஆள் போட்டாச்சு." நாக்பூரில் இருக்கும் என் பேட்ச்மேட் இதைத்தான் சொல்கிறார். குவாஹாத்திக்கு மாற்றலாகிப் போன தோழியும் இதைத்தான் சொல்கிறாள். வாசல் கதவுக்குப் பூட்டு போட்டாச்சு, கேட்டுக்கு வாட்ச்மேன் போட்டாச்சு, அம்மாவுக்கு ஆள் போட்டாச்சு. மூன்றையும் ஒரே குரலில் சொல்கிறோம்.

எனக்கு இந்த வாக்கியத்தின் மேல் தீராத கோபம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்காக நாம் மாதாமாதம் காசு கொடுத்து வாங்குவது பராமரிப்பே இல்லை. வெறும் ஆஜர். காலை எட்டுக்கு ஒரு ஆள் வரவேண்டும், இரவு எட்டுக்குப் போகவேண்டும். அவ்வளவுதான். ‘அட்டெண்டன்ட்’ என்று சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். அட்டெண்டன்ஸுக்கு மேல் அங்கே ஒன்றும் கிடையாது.

பொத்தாம்பொதுவாகப் பேசவில்லை. என் வீட்டுக் கணக்கையே வைக்கிறேன். நொய்டாவில் மூன்றாவது மாடி ஃப்ளாட். என் மாமியாருக்கு 82 வயது. 1966-ல் கல்யாணமாகி மாயவரத்திலிருந்து டெல்லி வந்தவர். ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் முப்பது வருஷம் குடித்தனம் செய்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். எனவே ஒரு ஏஜென்சியைப் பிடித்தோம். (பெயர் வேண்டாம். பெயரை மாற்றிப் போட்டாலும் கதை மாறாது.)

பதினாறு மாதத்தில் ஏழு பேர் வந்து போனார்கள். ஒவ்வொரு புது ஆளும் காலையில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்கும் முதல் கேள்வி, "தீதி, மாஜிக்கு என்ன வியாதி?" முந்தைய ஆள் எழுதிவைத்த குறிப்பு கிடையாது, ஏஜென்சியில் ஃபைல் கிடையாது. எட்டே முக்காலுக்கு நான் கிளம்பவேண்டும். அந்த அரை மணி நேரத்தில் எந்த மாத்திரை எப்போது, எந்தக் காது கேட்கும், எந்தப் பக்கம் பிடித்து எழுப்பவேண்டும் என்று நான் வகுப்பெடுக்க வேண்டும். ஏழு முறை எடுத்தேன்.

வங்கியில் ஒரு கேஷியர் லீவில் போனால்கூட சாவியையும் இருப்பையும் எண்ணி எழுதிக் கையெழுத்து வாங்காமல் சார்ஜ் கைமாறாது. எண்பத்திரண்டு வயது மனுஷி மட்டும் ஏழு முறை கைமாறினார். ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

அடுத்தது வாக்கர். பிஸியோதெரபிஸ்ட் தெளிவாகச் சொன்னார்: ஒரு நாளைக்கு மூன்று தடவை நடக்கவைக்க வேண்டும். மூன்று மாதத்தில் அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானாக டாய்லெட் போகும் நிலைக்கு வந்துவிட்டார். ஆனால் பகலில் டயப்பர்தான். ஏன் என்று கேட்டேன். "எழுந்தா விழுந்துடுவாங்க தீதி, ஏஜென்சியில எங்களைத்தான் திட்டுவாங்க" என்றாள் அந்தப் பெண். வாக்கர் கைக்கு எட்டாத மூலையில் நின்றது. கீழே விழக்கூடாது என்பதற்காக நிற்கவே விடாத வைத்தியம் இது! நிற்காத கால் நிற்கும் பலத்தை இழக்கும், இதற்கு டாக்டர் படிப்பு வேண்டாம்.

சரி, இந்தத் தொழிலுக்கு என்னதான் சட்டம் இருக்கிறது என்று பார்ப்போம்.

உங்கள் அபார்ட்மென்ட் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்குச் சட்டம் இருக்கிறது. 2005-ம் வருடத்திய தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகள் ஒழுங்குமுறைச் சட்டம். ஏஜென்சிக்கு லைசென்ஸ் வேண்டும், காவலாளியின் பின்னணி விசாரிக்கப்பட வேண்டும், பயிற்சி வேண்டும். மத்திய அரசின் 2006 மாதிரி விதிகள் 100 மணி நேரம் வகுப்பும் 60 மணி நேரம் களப்பயிற்சியும் என்று வகுத்தன. நடைமுறையில் எவ்வளவு நடக்கிறது என்பது வேறு கதை. சட்டமாவது இருக்கிறதே.

கடன் வசூலிக்கப் போகும் ஏஜென்டுக்கும் விதி இருக்கிறது. 2008-ல் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை போட்டு, பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கியவரைத்தான் அனுப்பவேண்டும் என்றது. ஐஐபிஎஃப் அதற்கென்றே தேர்வு நடத்துகிறது.

கேட்டைத் திறந்து மூடுகிறவருக்குப் பயிற்சி. கதவைத் தட்டிக் கடன் கேட்பவருக்குப் பரீட்சை. படுக்கையறைக்குள் வந்து, நம் அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, மாத்திரை கொடுக்கிறவருக்கு? இந்தியா முழுமைக்குமான சட்டம் ஒன்றும் இல்லை. நர்ஸ் என்றால் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு இருக்கும். அட்டெண்டன்டுக்கு ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் போன்ற திறன் பயிற்சிகள் இருக்கின்றன. ஆனால் அதைப் படித்தவரைத்தான் அனுப்பவேண்டும் என்று ஏஜென்சியை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை.

இப்போது ஸ்வெட்டர் விஷயத்துக்கு வருகிறேன். "முதியோர் பராமரிப்பு பற்றிப் பேசும்போது ஸ்வெட்டர் எங்கே வந்தது?" என்று கேட்பீர்கள். என் கோபத்தின் மையமே அங்கேதான் இருக்கிறது.

டெல்லியில் பழைய காலத்து மத்திய அரசு காலனிகளில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். டிசம்பர், ஜனவரி மத்தியானங்களில் பெண்கள் வெயிலில் கயிற்றுக் கட்டிலையோ மோடாவையோ போட்டுக்கொண்டு பின்னுவார்கள். கம்பளி என்றால் என்னவென்றே தெரியாத காவிரிக்கரைப் பெண்கள் அங்கே பஞ்சாபி அக்கம்பக்கத்தாரிடம் கற்றுக்கொண்டார்கள். ஊசிக்குப் பெயர் சலாய். ஒரு கண்ணிக்குப் பெயர் ஃபந்தா. நேர்ப்பின்னல் சீதா, எதிர்ப்பின்னல் உல்டா. ஹிந்தியே தெரியாமல் வந்த என் மாமியார் முதலில் கற்ற ஹிந்தி வார்த்தைகள் இவைதான் என்று அவரே சொல்வார். குழந்தைகளுக்கு, நாத்தனார் பிள்ளைகளுக்கு, பிற்பாடு பேரன் பேத்திகளுக்கு என்று நாற்பது ஐம்பது ஸ்வெட்டராவது போட்டிருப்பார். டெல்லிக் குளிரில் ஒரு தமிழ்க் குடும்பம் நடுங்காமல் இருந்ததற்கு மாமனாரின் சம்பளம் எவ்வளவு காரணமோ, அந்தச் சலாயும் அவ்வளவு காரணம்.

விழுவதற்கு முன் பேரனுக்கு ஒரு மெரூன் ஸ்வெட்டர் ஆரம்பித்திருந்தார். பார்டருக்குப் பத்தாம் நம்பர் சலாய், உடம்புக்கு எட்டாம் நம்பர். முதுகுப் பக்கம் முடிந்தது. முன்பக்கம் அக்குள் வரை வந்தது. கைகள் தொடங்கவில்லை. அது இப்போது ஒரு பிளாஸ்டிக் பையில் லாஃப்டின் மேல் இருக்கிறது. பக்கத்திலேயே இன்னொரு பையில் மூன்றே மூன்று விரற்கடை வளர்ந்த மஃப்ளர் ஒன்று, பாதி சால்வை ஒன்று.

அவர் விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடுப்புதான் முறிந்தது. கண்புரை ஆபரேஷன் அதற்கு முன்பே ஆகிவிட்டது. அப்புறம் ஏன் நின்றது? முதலில் வந்த பெண் சலாயைப் பிடுங்கி மேலே வைத்தாள். ஏஜென்சி மேற்பார்வையாளரிடம் ஃபோனில் கேட்டேன். "மேடம், கூர்மையான பொருள் எதுவும் பேஷண்ட் கையில் இருக்கக்கூடாது. குத்திக்கிட்டா எங்க பொறுப்பில்லை" என்றார். நான் திருப்பிக் கேட்டேன். "பொறுப்பில்லைன்னு சொல்றவர் எப்படி சார் தடை மட்டும் போடறீங்க?" பதில் இல்லை.

சலாயை நானே இறக்கிக் கொடுத்தேன். பிரயோஜனமில்லை. பின்னுவதற்கு ஊசியும் நூலும் மட்டும் போதாது. ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் நாற்காலி வேண்டும், கண்ணாடி துடைத்துத் தர வேண்டும், கண்ணி நழுவினால் எடுத்துக்கொடுக்க ஒரு கை வேண்டும், வரிசையை எண்ணும்போது கூட எண்ண ஒரு குரல் வேண்டும். ஒரு நாளைக்கு முக்கால் மணி நேர உதவி. பன்னிரண்டு மணி நேர ஆஜரில் அந்த முக்கால் மணி நேரத்துக்கு இடமில்லை.

ஏன் இடமில்லை என்றால், இந்தத் தொழில் மனிதனை அளக்கும் அளவுகோல் அப்படி. அமெரிக்காவில் டாக்டர் சிட்னி காட்ஸும் அவர் குழுவும் 1963-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, மலஜலத்தை அடக்குவது, சாப்பிடுவது என்று ஆறு காரியங்கள். இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களைக் கவனித்ததிலிருந்து பிறந்த பட்டியல் அது. ஒருவருக்கு எதில் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்க அருமையான கருவி. 1969-ல் லாட்டனும் ப்ரோடியும் இன்னொரு பட்டியல் போட்டார்கள். டெலிபோன், கடைக்குப் போவது, சமையல், பணக் கணக்கு என்று எட்டு. இவை டாக்டர்களுக்கு ஆரம்பப் புள்ளி. நம் ஏஜென்சிகளிடம் வந்தபோது முதல் பட்டியலே முற்றுப்புள்ளியாகிவிட்டது. அதுவும் ‘தானாகச் செய்ய உதவு’ என்பது போய் ‘நீயே செய்து முடி’ என்றாகிவிட்டது. குளிப்பாட்டியாச்சா, ஊட்டியாச்சா, டயப்பர் மாத்தியாச்சா. மூன்று டிக். மீதி பத்து மணி நேரம் பெரியவர் கூரையைப் பார்க்கவேண்டும், ஆள் மொபைலைப் பார்க்கவேண்டும்.

நியாயமாக ஒன்றையும் சொல்லவேண்டும். வந்த ஏழு பேரில் ஐந்தாவதாக வந்த பெண் ஜார்க்கண்ட்காரி, இருபத்து நாலு வயது. லாஃப்டைத் துடைக்கும்போது பையைப் பார்த்து "இது என்ன மாஜி?" என்று கேட்டாள். மறுநாளிலிருந்து இருவரும் ஜன்னலோரம். மாமியார் கற்றுக்கொடுத்தார், அவள் நழுவிய கண்ணிகளை எடுத்தாள். பின்னுவதற்காகவே நாற்காலி வரை நடை, தண்ணீர் குடிக்க நடை, டாய்லெட்டுக்கு நடை. பகல் டயப்பர் தானாக நின்றது. நாலு வாரத்தில் முன்பக்கம் ஆறு அங்குலம் வளர்ந்தது. ஐந்தாவது வாரம் ஏஜென்சி அவளை குருகிராமுக்கு மாற்றிவிட்டது.

காரணம் கேட்டால் ‘ரொட்டேஷன்’ என்றார்கள். உண்மைக் காரணம் எல்லாருக்கும் தெரியும். ஆளும் குடும்பமும் ஒட்டிவிட்டால் ஏஜென்சியைக் கழற்றிவிட்டு நேரடியாக வைத்துக்கொள்வார்கள். கமிஷன் போகும். நாங்கள் மாதம் 24,000 ரூபாய் கொடுத்தோம். அவள் கைக்குப் போனது 15,000. ஒன்பதாயிரத்தைக் காப்பாற்ற ஒட்டுறவை உடைக்கவேண்டும். எது நன்றாக நடந்ததோ அதுவே அவர்களுடைய வியாபாரத்துக்கு ஆபத்து. நான் காமர்ஸ் படித்தவள், லாபம் பாவம் என்று சொல்லமாட்டேன். ஆனால் சேவை கெட்டால்தான் லாபம் நிற்கும் என்ற ஏற்பாட்டுக்கு வியாபாரம் என்று பெயர் கிடையாது.

இனி வழக்கமான ஆட்சேபங்கள். வரிசையாகப் பார்த்துவிடுவோம்.

"ஸ்வெட்டர் யாருக்கு வேணும்? ஆன்லைன்ல ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்குது." கிடைக்கும். அவர் முடிக்காமல் வைத்ததில் பிரச்சினை ஸ்வெட்டர் இல்லை, ஐயா. காலையில் கண் விழித்ததும் ‘இன்னிக்கு அக்குள் குறைக்கணும்’ என்று நினைக்க ஒரு காரியம். அதைக் கடையில் விற்கமாட்டார்கள். உங்கள் அப்பாவுக்கு அது பஞ்சாங்கமாக இருக்கலாம், குறுக்கெழுத்தாக இருக்கலாம், பென்ஷன் பாஸ்புக்கைத் தானே சரிபார்ப்பதாக இருக்கலாம். இன்னொன்று, தள்ளிப்போட்டால் இது காத்திருக்காது. கம்பளி நூல் லாட் நம்பர் வைத்துச் சாயம் ஏற்றுவார்கள். அதே மெரூன், அதே லாட் இனிமேல் கிடைக்காது. பேரன் இரண்டு சைஸ் வளர்ந்துவிட்டான்.

"ஊருக்கே அனுப்பிடலாமே, அங்கே நம்ம பாஷை பேசற ஆள் கிடைக்கும்." பாஷை பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஞாபகம் மங்கும்போது பிற்பாடு கற்ற ஹிந்தி முதலில் நழுவுகிறது, மாயவரத் தமிழ் நிற்கிறது. தமிழில் தண்ணீர் கேட்டுக் கிடைக்காமல் இருப்பது கொடுமை. ஆனால் மாயவரத்தில் இப்போது யார் இருக்கிறார்கள்? அறுபது வருஷ டெல்லியைப் பிடுங்கி, நாம் இல்லாத ஊரில் நடுவதற்குப் பெயர் ஊர் திரும்புவதா? கோயம்புத்தூர் பக்கம் இருக்கும் ஓய்வுக்கால குடியிருப்புகள் வசதியுள்ளவர்களுக்குச் சரி. அங்கேயும் படுக்கையில் விழுந்தால் தனி ஆள்தான். ஏஜென்சிதான்.

"மருமகள் வேலையை விடட்டும்." எதிர்பார்த்தேன்! மகன் விடட்டும் என்று மட்டும் யாருக்கும் வாயில் வருவதில்லை. ஒரு வீட்டில் ஒரு பெண் ராஜினாமா செய்வது அந்த வீட்டுக்கு ஒட்டு. 2011 சென்சஸிலேயே இந்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் சுமார் 10 கோடியே 38 லட்சம். அத்தனை வீட்டிலும் ராஜினாமா கடிதமா?

"இந்தப் பெண்களே சரியில்லை, திருட்டு, சோம்பேறித்தனம்." இதைச் சொல்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை இல்லை. ஜார்க்கண்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வரும் இவர்களும் நம்மைப் போல ஊர்விட்டு வந்தவர்கள்தான். தன் குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு நம் அம்மாவைப் பார்க்க வருகிறார்கள். பன்னிரண்டு மணி நேரம், வாரவிடுப்பு இல்லை, பி.எஃப். இல்லை, கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. அந்த நிலையில் என் பேட்ச்மேட்டை உட்காரவைத்தால் அவரும் மொபைலைத்தான் பார்ப்பார்.

அப்படியானால் அரசாங்கம்? 2007-ல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் வாங்கித் தரும் சட்டம். மாதம் அதிகபட்சம் பத்தாயிரம். பணம் தராத பிள்ளைக்கு அது பதில் சொல்லும். பணம் கொடுத்தும் பராமரிப்பு கிடைக்காத வீட்டுக்கு அதில் ஒரு வரி இல்லை. 2019 டிசம்பரில் திருத்த மசோதா கொண்டுவந்தார்கள். அதில் வீட்டுக்கு வந்து பராமரிக்கும் சேவை நிறுவனங்களைப் பதிவு செய்வது பற்றி இருந்தது. நிலைக்குழுவுக்குப் போனது, ஊறியது, 2024-ல் மக்களவை கலைந்ததோடு காலாவதியானது. 2024 அக்டோபரில் எழுபது வயதானவர்கள் எல்லாருக்கும் ஆயுஷ்மான் பாரத் ஐந்து லட்சம் என்றார்கள். நல்லதுதான். ஆனால் அது ஆஸ்பத்திரியில் படுத்தால். இடுப்பு ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் இருப்பது சில நாள். அப்புறம் வீட்டில் பல மாதம். அந்த மாதங்கள் யார் கணக்கு?

முடியாத காரியமா என்றால் இல்லை. கேரளத்தில் வலிதணிப்பு சிகிச்சையை உள்ளாட்சி அமைப்புகள் மூலம் வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள். 2008-லேயே அதற்குக் கொள்கை வகுத்தார்கள். நம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஆரம்பித்து மருந்து, பிஸியோதெரபி இரண்டையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜப்பானில் 2000-லிருந்து நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே கட்டாயக் காப்பீடு இருக்கிறது. நாற்பது வயதிலிருந்து ப்ரீமியம். ஒவ்வொரு முதியவருக்கும் எழுத்தில் ஒரு திட்டம், அதைப் போட ஒரு பொறுப்பாளர். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வீடு தேடிப் போய் வங்கிச் சேவை தரவேண்டும் என்று 2017-ல் ரிசர்வ் வங்கி எங்களுக்கு உத்தரவு போட்டது. பணத்தை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்ல முடிந்த நாட்டில், பயிற்சி பெற்ற ஒரு கையைக் கொண்டுபோகச் சொல்ல முடியாதா?

சட்டம் வரும் வரை நாம் செய்யவேண்டியது இருக்கிறது. காசு கொடுப்பது நாம்தான், கேட்கும் உரிமையும் நமக்குத்தான். ஏஜென்சியிடம் கீழ்க்கண்டவற்றை எழுத்தில் கேளுங்கள்.

1. வரும் ஆளுக்கு என்ன பயிற்சி, எத்தனை நாள், சான்றிதழ் எங்கே?

2. நாம் கொடுக்கும் தொகையில் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு? வார விடுப்பு எந்த நாள்?

3. ஆளை மாற்றினால் ஒரு வாரம் முன்னறிவிப்பு. பழையவரும் புதியவரும் ஒரு நாள் சேர்ந்து இருந்து, எழுதி ஒப்படைக்க வேண்டும்.

4. தானாகச் செய்யமுடிகிற எதையும் அவருக்காகச் செய்துவிடக் கூடாது. நம் அனுமதி இல்லாமல் டயப்பர் கூடாது.

5. தினமும் ஒரு மணி நேரம் பெரியவரின் சொந்தக் காரியத்துக்கு. அது என்ன என்று அவர்தான் சொல்லவேண்டும்.

ஒருவர் கேட்டால் ‘வேற ஏஜென்சி பாருங்க மேடம்’ என்பார்கள். எங்கள் சொசைட்டியில் ஒன்பது வீடு சேர்ந்து கேட்டோம். மூன்றையும் நான்கையும் ஒத்துக்கொண்டார்கள். இரண்டாவதற்கு இன்னும் மழுப்பல். ஐந்தாவதைக் கேட்டு அந்த மேற்பார்வையாளர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கும் வரை கேட்டுக்கொண்டே இருக்கப்போகிறோம். 2006-ல் ரிசர்வ் வங்கி எங்களுக்கு ஒரு பாடம் சொன்னது: வேலையை வெளியாளிடம் கொடுக்கலாம், பொறுப்பு வங்கியிடம்தான். வீட்டுக்கும் அதே விதிதான்.

அடுத்த முறை யாராவது உங்களிடம் "ஆள் போட்டாச்சு" என்று சொன்னால், "சரி, அவங்க இன்னிக்கு என்ன பண்ணாங்க?" என்று கேளுங்கள். ஆளைப் பற்றிப் பதில் வந்தால் நிறுத்தி, அம்மாவைப் பற்றித்தான் கேட்டேன் என்று சொல்லுங்கள்.